கேப்டனுக்குக் கொடுத்த குரல்

சரளாவுக்கு அன்றைக்கு வந்த கோபம் இருக்கிறதே, அப்பப்பா! அந்த மாலில் மூன்று மாடிக்கும் கேட்டது. கேட்காமல் என்ன? கையில்தான் மைக் இருந்ததே.

மைக் பிடிப்பது அவளுக்குப் புதிதா என்ன? மலேசியாவில் ஈப்போ நகரத்து லிட்டில் இந்தியாவில், துணிக்கடை வாசலில் நின்று தீபாவளிக்கு ஆள் கூப்பிடுவது அவள்தான். "வாங்கக்கா, வாங்கண்ணே, எடுக்காட்டியும் பரவால்ல, உள்ள வந்து பாத்துட்டுப் போங்க" என்று ஒரு குரல் விட்டால், எதிர்க்கடைக்குப் போகிறவர்கூடத் திரும்பி வந்துவிடுவார். அந்தக் குரலைக் கேட்டுத்தான் நைஜல் அவளைத் தேடி வந்தான். பக்கத்து ஊரான லகாட்டில் அவள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி வளர்ந்தவன். இப்போது சொந்தமாக வீடியோ கேம் தயாரிக்கும் கம்பெனி வைத்திருக்கிறான்.

"அக்கா, கையில வச்சி விளையாடுற சின்ன மெஷினுக்கு ஒரு கேம் பண்றோம். வேற கிரகம், விண்கப்பல், சண்டை எல்லாம் இருக்கு. கப்பலுக்குக் கேப்டன் ஒரு பொம்பள. அவதான் ஹீரோ. தமிழ்ல அவளுக்கு உங்க குரல்தான் வேணும்லா" என்றான்.

சரளாவுக்குத் தலைகால் புரியவில்லை. சாம்பார் கொதிக்கும்போதும் கேப்டன், துணி காயப்போடும்போதும் கேப்டன். புருஷன் சதாசிவம், "ஏம்மா, கேப்டனுக்குப் பசிக்காதா? எனக்குப் பசிக்குது" என்று கிண்டலடித்தான். அவள் கண்டுகொண்டால்தானே! எல்லா வசனத்திலும் அவளுக்கு ரொம்பப் பிடித்தது ஒன்று இருந்தது. "என் ஆளுங்கள்ல கடைசி ஆளு ஏறுற வரைக்கும் இந்தக் கப்பல் கிளம்பாது!" அதைச் சொல்லும்போதெல்லாம் அவளுக்கே உடம்பு சிலிர்க்கும்.

ஒலிப்பதிவு நல்லபடியாகத்தான் நடந்தது. இடையில் மைக் ஸ்டாண்டு சரிந்து அவள் கால் விரலில் விழுந்தது. "ஐயோ அம்மா!" என்று அலறிவிட்டாள். எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். அத்தோடு மறந்தும் போனாள்.

கேம் வெளியீட்டு விழாவை மாலில் வைத்தார்கள். சரளா புதுச்சேலை கட்டிக்கொண்டு வந்தாள். சதாசிவம் லீவு போட்டான். அவள் அம்மாவின் ஊரான பீடோரிலிருந்து நல்லம்மாள் அத்தை தலைமையில் ஒரு வேன் நிறைய சொந்தக்காரர்கள் வந்து முன்வரிசையைப் பிடித்துக்கொண்டார்கள். "எங்க சரளாதான் கேப்டன்" என்று பக்கத்தில் இருந்த சீனக் கிழவரிடம்கூட அத்தை சொல்லியாயிற்று.

மேடையில் ஷர்மினி என்ற பெண், கேமை விளையாடிக் காட்ட மெஷினைக் கையில் எடுத்தாள். பெரிய திரையில் கேப்டன் வந்து நின்றாள். கவசமும் துப்பாக்கியுமாக ஜம்மென்று இருந்தாள். வாயைத் திறந்தாள். இங்கிலீஷ். சரி, தமிழ் பின்னாடி வரும் என்று சரளா பொறுத்துக்கொண்டாள்.

அப்புறம் குகைக்குள்ளிருந்து சின்னச் சின்ன உருவங்கள் வரிசையாக வந்தன. கறுத்த உடம்பு, நெற்றியில் விளக்கு, கையில் வாளி. சரளாவின் அம்மா பீடோர் ரப்பர் தோட்டத்தில் விடியுமுன் பால்மரம் வெட்டப் போனதும் இப்படித்தானே!

"ஏண்டி, நம்ம தோட்டத்து ஆளுங்க மாதிரியில்ல இருக்கு?" என்றாள் அத்தை.

ஷர்மினி சுட்டாள். முதல் உருவம் சுருண்டு விழுந்தது. "ஐயோ அம்மா!"

சரளாவின் குரல். கூட்டம் கொல்லென்று சிரித்தது. அடுத்தது விழுந்தது. "ஐயோ அம்மா!" ஒவ்வொன்றும் சாகச்சாகக் கேப்டனுக்குச் சக்தி ஏறியது. சதாசிவம் தலையைக் குனிந்துகொண்டான். அதைத்தான் சரளாவால் தாங்க முடியவில்லை. விறுவிறுவென்று மேடையேறினாள்.

"என்னடா இது?"

மேடையில் மைக்கோடு நின்ற நைஜல் அதைக் கையால் பொத்திக்கொண்டான். "அக்கா, கேப்டன் குரலக் கடைசி நேரத்துல இங்கிலீஷ்லயே வச்சிட்டோம். ஆனா அந்த ஐயோம்மா இருக்கே, டெஸ்ட் பண்ணவங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க! வெறும் கேம்தானேக்கா, கோவிச்சிக்காதீங்க."

மைக்கைப் பிடுங்கினாள் பாருங்கள், அவன் விரல் இன்னும் நோகும்.

"வெறும் கேமா? அப்ப சுடுறவ ஏன்டா தமிழ் பேசல? சாவுறதுக்கு மட்டும் தமிழா? நெத்தி விளக்க எங்க பாத்து வரைஞ்ச? உன் பாட்டன் அந்தோணிமுத்தும் அதைக் கட்டிக்கிட்டுத்தானே பால்மரம் வெட்டப் போனாரு! என் கால்ல இடி விழுந்தாப்புல வலிச்சப்ப கத்தினத எடுத்து, எங்காளுங்க சாவுக்கு வச்சிருக்கியே, உனக்கு மனசாட்சி இருக்கா? என் தலையில நல்லா மொளகா அரைச்சிட்டடா!"

சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். சரளா மூச்சை இழுத்துவிட்டு, திரையில் நின்றவளைப் பார்த்துச் சொன்னாள்.

"என் ஆளுங்கள்ல கடைசி ஆளு ஏறுற வரைக்கும் இந்தக் கப்பல் கிளம்பாது!"

நல்லம்மாள் அத்தை கைதட்டினாள். வேனில் வந்தவர்கள் எல்லாரும் தட்டினார்கள்.

நைஜலுக்கு முகம் செத்துவிட்டது. "ஷர்மினி, நீ விளையாடு. சுடுலா" என்றான்.

ஷர்மினி மெஷினை மேசைமேல் வைத்தாள். "நீங்களே சுடுங்கண்ணே."

அவன் கை வைக்கவில்லை. எல்லாரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். குகையிலிருந்து அடுத்த வரிசை வந்தது. நெற்றி விளக்கோடு அந்த உருவங்கள் நேரே கேப்டனிடம் வந்தன. யாரும் சுடவில்லை. அவையும் அவளை ஒன்றும் செய்யவில்லை. அவளைச் சுற்றிக்கொண்டு, வாளியை ஆட்டியபடி அந்தப் பக்கம் போய்க்கொண்டே இருந்தன.

"பாத்தியா நைஜல்?" சரளாவின் குரல் இப்போது இறங்கியிருந்தது. "வேலைக்குப் போறவங்கடா அவங்க."