எடுத்த பலகை

முந்நூற்றுப் பதினோராவது ஓட்டத்தில் இயந்திரம் மறுபடி அதே இடத்தில் விழுந்தது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மளமளவென்று ஓடி, கடைசியில் ஒரு முகவரியைக் காட்டிவிட்டு நின்றன. எழுத்தும் இலக்கமுமாகப் பதினாறு. நிஷாந்தினிக்குத் தன் அடையாள அட்டை எண்ணைவிட அதுதான் நன்றாக மனப்பாடம். வெளியே நமுனுகுல மலையை மழை மறைத்திருந்தது. தோட்டத்து லயவீட்டின் தகரக் கூரை ஓயாமல் இரைந்தது. மறுபடி ஓடவிடலாம் என்று கையைக் கொண்டுபோனபோது, மடிக்கணினிக்குப் பக்கத்தில் கிடந்த, மூலையில் கண்ணாடி வெடித்த இன்னொரு போன் மேசையோடு சேர்ந்து ஒருமுறை நடுங்கியது.

"சாப்புட்டியாம்மா? மழையா அங்க?"

அது அம்மாவின் போன். கேட்டவன் தம்பி துஷாந்த், கட்டாரிலிருந்து. அம்மா வேலாயி செத்து அன்றைக்கு நாற்பத்து மூன்றாம் நாள். அவனுக்கு அது தெரியாது.

இது என்ன அநியாயம் என்று உடனே கோபப்பட்டுவிடாதீர்கள், என் கண்ணுகளா. புரட்டாசியில் ஒருநாள், மேல்மலையில் தேயிலைக் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்கள்மேல் குளவிக்கூடு கலைந்தது. ஏழு பேரைக் கொட்டியது. ஆறு பேர் வீடு திரும்பினார்கள். வேலாயி பதுளைக்குப் போகிற பாதையில், லொறிக்குள், தங்கை வடிவம்மாவின் மடியிலேயே அடங்கிவிட்டாள். அன்று சாயங்காலம் கட்டாருக்குப் போன் போட நிஷாந்தினி எழுந்தபோது, சின்னம்மா வடிவம்மாதான் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"புள்ள எம்புட்டு ஒசரத்துல நிக்குது. இதக் கேட்டுட்டு மறுநா மேல ஏறுனா கால் நிக்குமாடி? ஒரு சாவு போதும் இந்த வூட்டுக்கு. பொங்கலுக்கு லீவு கேட்டிருக்கான்ல, வந்து எறங்கட்டும். மடியில போட்டுச் சொல்லிக்கலாம்."

துஷாந்துக்குச் சாரம் கட்டுகிற வேலை. முப்பது மாடிக் கட்டடத்துக்கு வெளியே இரும்புக் குழாய்களைப் பூட்டி, பலகை பரப்பி, அந்தப் பலகையில் நின்றே அடுத்த தட்டைப் பூட்ட வேண்டும். போன புதிதில் அவன் அக்காவிடம் சொன்னது: "பலகைய எடுக்கறது பெரிய வேலையில்லக்கா. எடுத்தா மேல நிக்கிற ஒவ்வொருத்தனுக்கும் கொரல் கொடுக்கணும். ஒருத்தன் தண்ணி குடிக்கப் போயிருப்பான். திரும்பி வந்தா, பலகை இருக்குன்ற நெனப்புலயே கால வைப்பான்." அவனை அந்த உயரத்தில் வைத்துப் பார்த்தபோது, நிஷாந்தினி கையிலிருந்த போனைக் கீழே வைத்துவிட்டாள். ஊரில் மற்றவர்களும் அப்படியே ஒத்துக்கொண்டார்கள். கடல் கடந்திருக்கிற பிள்ளைக்குச் சாவுச் செய்தியை மறைப்பது இங்கே புதிதில்லை.

ஆனால் அம்மா தினமும் அவனுக்குக் குரல் அனுப்புகிறவள். எழுதத் தெரியாது, பேசித்தான் அனுப்புவாள். மூன்றாம் நாளே அவன், "அம்மா ஏன் பேசல?" என்று கேட்டான். காய்ச்சல், தொண்டை கட்டியிருக்கிறது என்று அக்கா எழுதினாள். அப்புறம்தான் அந்த எண்ணம் வந்தது. கொழும்பில் வேலை பார்த்த இரண்டு வருடமும் அம்மா அவளுக்கு அனுப்பிய குரல்கள் அவள் போனில் அப்படியே கிடந்தன. இருநூற்றுச் சொச்சம். பிள்ளைகள் இருவரையும் அம்மா 'கண்ணு' என்றுதான் கூப்பிடுவாள். "சாப்புட்டியா கண்ணு?" "இங்க நல்ல மழ." "கால் வலி பரவால்ல, தைலம் போட்டேன்." நிஷாந்தினி தன் போனில் ஒன்றை ஓடவிட்டு, அம்மாவின் போனை அதன் வாய்க்குப் பக்கத்தில் பிடித்துப் பதிவாக்கி அனுப்பினாள். உடனே பதில் வந்தது. "தொண்ட சரியாயிருச்சு போல!" கூடவே இரண்டு சிரிப்புப் பொம்மை.

முதல் தடவை அந்தக் குரல் அறையில் எழுந்தபோது, பக்கத்துக் காம்பரா அறையிலிருந்து சின்னம்மா மாவுக் கையோடு ஓடி வந்து வாசலில் நின்றாள். கதவு நிலையைப் பிடித்த இடத்தில் ஐந்து விரலும் வெள்ளையாகப் பதிந்தன. அதற்குப் பிறகு, குரல் அனுப்புகிற நேரத்தில் அவள் தண்ணீர்க் குழாயடிக்குப் போய்விடுவாள்.

வீட்டில் அம்மா இருந்துகொண்டுதான் இருந்தாள் என்று சொல்லவேண்டும். "கதவச் சாத்து, குளிரு வருது" என்று ஒரு பதிவில் வரும். அதைக் கேட்டு நிஷாந்தினி எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்த பிறகுதான், யார் சொல்லி எழுந்தோம் என்று உடம்பு சிலிர்க்கும். இன்னொன்றில், பேச்சின் நடுவே அம்மா, "இரு, யாரோ வர்றாங்க" என்பாள். அதோடு முடிந்துவிடும். அதை அவள் நாலு தடவை கேட்டாள். நாலு தடவையும் வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

அம்மாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே, வீட்டிலிருந்தபடி வேலையும் தொடங்கிவிட்டது. வேலை என்னவென்று அவள் சொன்ன மாதிரியே சொல்கிறேன். ஒரு பெரிய கணினிக்குள்ளே பல பொய்க் கணினிகள் ஓடும். வேர்ச்சுவல் மெஷின் என்பார்கள். ஒவ்வொன்றும் தன்னை நிஜமென்றே நம்பும். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே, நிறுத்தாமல், ஒரு நெட்வேர்க் அட்டையைக் கழற்றி வேறொன்றை மாட்டலாம். அதற்குப் பெயர் ஹொட் பிளக். உள்ளே நாலு சிபியூ இருக்கிறதென்றால், நாலு வேலையாட்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பொருள் எந்த முகவரியில் இருக்கிறது என்று ஆளுக்கொரு வரைபடம் வைத்திருப்பார்கள். அட்டையைக் கழற்றினால் நாலு பேரும் தங்கள் வரைபடத்தில் அந்த இடத்தை அழித்துவிட வேண்டும். அழித்தார்கள் என்றுதான் இயந்திரம் தானே எழுதிவைக்கிற பதிவும் சொன்னது. ஆனால் முந்நூறு தடவைக்கு ஒருமுறை, இரண்டுமுறை, யாரோ ஒருவன் கழற்றிய அட்டையின் முகவரிக்கே போய் நின்றான். அதே முகவரி புது அட்டைக்குப் போன பிறகு அவன் அங்கே கைவைத்தால் எல்லாம் விழுந்துவிடும்.

கொழும்பிலிருந்து ஹாஷிம் கூப்பிட்டான். ஒரே குழுவில் வேலை செய்கிறவன்.

"என்ன புள்ள, உங்க மலைப் பேய் இன்னும் போகல்லயா?"

"பேய் மலையிலயா இருக்கு? நீங்க எழுதுன கோட்ல இருக்கு."

"நான் எழுதினதா! நான் கமாவ மட்டும்தான் சரி பண்ணினன்." சிரித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "திங்கக்கிழமை வாடிக்கைக்காரனுக்குக் குடுக்கணும். விழுறத பாக்காத நிஷாந்தினி. விழுறதுக்கு முந்தி அந்த எடத்த யார் படிக்கிறாங்கன்னு பாரு. ஒரு காவல் போட்டு வை."

காவல் போட்டாள். கழற்றிய பிறகு அந்தப் பழைய முகவரியை யார் தொட்டாலும், எப்போது, எதைத் தொட்டார்கள் என்று எழுதிவைக்கச் சொல்லி ஓடவிட்டாள். அன்று காலை முழுவதும் அதுதான் ஓடியது. முந்நூற்றுப் பதினொன்றில் விழுந்தபோது பதிவைத் திறந்து, விழுவதற்கு முன்னால் இருந்ததைக் கீழிருந்து மேலாகப் படித்தாள். தம்பியின் செய்தி பதில் இல்லாமல் பக்கத்தில் கிடந்தது.

நாலாவது வேலையாள்தான். அட்டையைக் கழற்றிய நேரத்தில் அவன் தூக்கத்தில் இருந்தான். தூங்குகிறவனை எழுப்ப மாட்டார்கள். அது வீண் செலவு. 'எழுந்ததும் முதலில் அழி' என்று அவன் கதவில் ஒரு குறிப்பு ஒட்டிவிட்டுப் போவார்கள். இங்கே நடந்தது என்ன? தூங்குகிறானா என்று முதலில் பார்த்தார்கள். தூங்கினான். பிறகு குறிப்பை ஒட்டினார்கள். பார்த்ததற்கும் ஒட்டியதற்கும் நடுவே, கண்ணிமைப்பில் கோடியில் ஒரு பங்கு நேரத்தில், அவன் எழுந்து வெறுங்கதவைத் தாண்டிப் போய்விட்டான். போனவன் பழைய முகவரியைப் படித்தான். அங்கே அட்டை இல்லை. ஆனால் அது விட்டுப்போன எழுத்துகளை யாரும் இன்னும் துடைக்கவில்லை. அவன் கேட்டதற்கு அவை சரியாகவே பதில் சொல்லின. திரும்பவும் கேட்டான். திரும்பவும் சரியான பதில். விழுவதற்கு முன் நாற்பது தடவை அப்படிக் கேட்டு வாங்கியிருந்தான்.

ஹாஷிமுக்கு அதை அனுப்பினாள். அவன் கூப்பிட்டபோது சிரிக்கவில்லை.

"பிழையான பதில் வந்திருந்தா மொத நாளே புடிச்சிருப்பம். சரியான பதில் வந்ததாலதான் மூணு கிழமை போச்சு."

"ம்."

"குறிப்ப மொதல்ல ஒட்டிட்டு, பொறகு தூங்குறானான்னு பாக்கணும். ரெண்டு வரிய மாத்தினா போதும்."

"மாத்துறேன்," என்று வைத்துவிட்டாள்.

வரிகளை மாற்றினாள். ஆயிரம் தடவை ஓடட்டும் என்று விட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கை ஏறத் தொடங்கியது. பிறகு அம்மாவின் போனை எடுத்து, அந்த இயந்திரப் பதிவைப் படித்த மாதிரியே, தம்பியின் செய்திகளைக் கீழிருந்து மேலாகப் படித்தாள். ஏன் படித்தாள் என்று அவளுக்கே தெரியாது. கை பழகிவிட்டது.

"மழையா?" "சாப்புட்டியா?" "கால் எப்புடி?" முந்தாநாளும் இவைதான். அதற்கு முந்திய வாரமும் இவைதான். மூன்று கேள்விக்கு வெளியே அவன் போகவில்லை. மேலே போகப்போக மாறியது. தீபாவளிக்கு முன்னால் அவன் வேறு மாதிரி கேட்டிருந்தான்: சின்னம்மாவோட ஆடு குட்டி போட்டிருச்சா? கோயில் கூரைக்கு ஓடு வந்திருச்சா? வீடியோல வா, மொகத்தப் பாக்கணும். ஒவ்வொன்றுக்கும் பொருந்துகிற பழைய குரல் தேடி அவள் இரவெல்லாம் அலைந்ததும், சிக்னல் இல்லை என்று எழுதியதும் நினைவிருந்தன. தீபாவளியோடு அது நின்றுபோயிருந்தது. பழைய குரல்களில் பதில் உள்ளதை மட்டுமே அதன் பிறகு கேட்டிருந்தான். நேரமும் மாறியிருந்தது. முன்பெல்லாம் விடியற்காலை, ஏறுவதற்கு முந்தி எழுதுவான். தீபாவளிக்குப் பிறகு ஒவ்வொரு செய்தியும் நம்முடைய நேரத்துக்கு மத்தியானம் இரண்டரைக்கு மேல். அங்கே பன்னிரண்டு மணி, விடிகாலை வேலைமுறை முடிந்து தரையில் இறங்கிய பிறகு.

தீபாவளி அன்று அனுப்பியது எது? போன வருடத்துப் பதிவு. அவளுக்குக் கொழும்பில் லீவு கிடைக்கவில்லை. அம்மா அடுப்படியிலிருந்து பேசி அனுப்பினாள். ஹெட்போனைக் காதில் மாட்டி, சத்தத்தைக் கடைசிவரை கூட்டி, அதை ஓடவிட்டாள்.

"கண்ணு, முறுக்கு சுட்டாச்சு. ஒனக்குன்னு தனியா எடுத்து வச்சிருக்கேன். சளி புடிக்கப் போவுது, தலையத் தொவட்டிக்க."

எண்ணெய் பொரிகிற சத்தம். தூரத்தில் ஒரு வெடி. அப்புறம், எண்ணெய்ச் சத்தத்துக்குக் கீழே, அறையின் அந்தக் கோடியிலிருந்து, வாய் நிறைய எதையோ மென்றுகொண்டே ஒரு குரல்.

"இன்னும் ரெண்டு தாம்மா."

துஷாந்தின் குரல். போன வருடத் தீபாவளிக்கு அவன் வீட்டில்தானே இருந்தான். கட்டாரில், ஒரு அறைக்குப் பன்னிரண்டு பேர் படுக்கிற இடத்தில் உட்கார்ந்து, தாயின் பேச்சுக்குப் பின்னால் தானே முறுக்குக் கேட்பதை அவன் கேட்டிருக்கிறான். கேட்டு, விளங்கி, ஒரு வார்த்தையும் எழுதாமல் இருந்துவிட்டான். மறுநாளும் ஏறியிருக்கிறான். இறங்கி வந்து, "சாப்புட்டியாம்மா?" என்றிருக்கிறான். இருபத்தைந்து நாள்.

தண்ணீர்க் குடத்தோடு வந்த சின்னம்மா வாசலில் நின்றாள்.

"அனுப்பிட்டியா பாப்பா?"

"அவனுக்குத் தெரியும் சின்னம்மா."

"என்னா தெரியும்?"

"எல்லாந்தான். தீவாளியில இருந்தே தெரியும்."

குடத்தை இறக்கக்கூடத் தோன்றாமல் வடிவம்மா அப்படியே நின்றாள். இடுப்புச் சேலை நனைந்து தண்ணீர் காலுக்கு இறங்கியது. "தெரிஞ்சிக்கிட்டா தெனமும் ஏறுறான்?" என்றாள். பிறகு, யாரிடம் என்றில்லாமல், "யாருகிட்டச் சொல்லி அழுதிருக்கும் அந்தப் புள்ள" என்றாள்.

அவன் கேட்பதற்குப் பொருந்துகிற பழைய குரல்களில், இன்னும் அனுப்பாதவை நிஷாந்தினியின் போனில் ஆறுதான் இருந்தன. இன்றைக்குக் கேட்டதற்குப் பொருத்தமாக, "இங்க நல்ல மழ, கண்ணு" என்று ஒன்று. அதை எடுத்தாள். ஓடவிடவில்லை. ஒன்றும் தெரியாததுபோல் இதையும் அனுப்பினால் அவன் வாங்கிக்கொள்வான். நாளைக்கு மறுபடி கேட்பான். இன்னும் ஆறு நாள் அம்மா இருப்பாள். அவன் கேட்டதும் அந்த ஆறு நாள்தானோ? அதைப் பறிக்கத் தனக்கு என்ன உரிமை? மணியைப் பார்த்தாள். மூன்று ஆகப்போகிறது. அவன் தரையில் இருப்பான், பூட்ஸைக் கழற்றிப்போட்டுவிட்டு, போனைப் பார்த்தபடி.

அம்மாவின் போனை மட்டும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். சின்னம்மா விலகி இடம் கொடுத்தாள். கதவை முழுதாகத் திறந்தாள். குளிர் வந்தது. யாரும் சாத்தச் சொல்லவில்லை. கூரை விளிம்புக்கு வெளியே கையை நீட்டி, ஒலிவாங்கிப் பொத்தானை அழுத்திப் பிடித்தாள். மழை பதிந்தது. தகரத்தில் விழுவதும், கான் வாய்க்காலில் ஓடுவதும், கீழே தேயிலைமேல் பரவுவதும் தனித்தனியாகப் பதிந்தன. பேசவேண்டும். அவன் கேட்டதற்கு மட்டும், தன் சொந்தக் குரலில் பதில் சொன்னாள்.

"ஆமாடா தம்பி. நல்ல மழ."

விரலை எடுத்தாள். போய்விட்டது. ஒரு சரிக்குறி, இரண்டு சரிக்குறி. இரண்டும் நீலமாயின.

உள்ளே மேசையில் எண்ணிக்கை இருபதைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை. வெடித்த கண்ணாடியில் மழைத்துளிகள் விழுந்து எழுத்துகளைப் பெரிதாக்கின. துஷாந்தின் பெயருக்குக் கீழே, குரல் பதிவாகிறது என்று காட்டும் சிறிய பச்சை வரி எரிந்தது. அணைந்தது. சின்னம்மா முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். மறுபடி எரிந்தது. இந்தத் தடவை அணையாமல், வெகு நேரம் எரிந்துகொண்டே இருந்தது.