லியூபென் எழுதியவை

நெவேனா தம்பியின் அலமாரியில் வெள்ளைச் சட்டையைத் தேடிக்கொண்டிருந்தபோது, மேஜைமேல் இருந்த மடிக்கணினி மணியடித்தது. ஒன்பது மணி வகுப்பு.

"அதை அணைச்சுத் தொலை," என்றாள் அம்மா, சமையலறையிலிருந்து. இடுகாட்டுக்கு வருபவர்களுக்குக் கொடுப்பதற்காக, வெந்த கோதுமையில் சர்க்கரை தூவிக்கொண்டிருந்தாள்.

லியூபெனுக்கு இருபது வயது. ஊரடங்கில் தலைநகர் சோஃபியாவில் மாணவர் விடுதியை மூடியதும் சொந்த ஊரான ருசேவுக்கு, வீட்டுக்கு, வந்தவன். ஐந்து மாதமாக இந்த அறையைவிட்டு அவன் வெளியே வந்ததே அபூர்வம். தட்டு கதவருகே போகும். பாதிச் சாப்பாட்டோடு திரும்பும். படிக்கிறான் என்று நினைத்தார்கள். மூன்று நாளைக்கு முன் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டான்.

நெவேனா அணைக்கத்தான் போனாள். வகுப்பைத் திறந்துவிட்டாள். திரை முழுக்கக் கறுப்புக் கட்டங்கள், பெயர்கள். பேராசிரியர் முகம் மட்டும் தெரிந்தது.

"லியூபென்? இன்னிக்காவது வாயத் திறங்க தம்பி."

"நான் அவன் அக்கா சார். அவன் இறந்துட்டான். பன்னண்டு மணிக்கு அடக்கம்."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். ஒரு கட்டம் வெளிச்சமானது. தலை வாராத ஒரு பெண், அழுதுகொண்டிருந்தாள்.

"நான் கலினா. எனக்கு தினம் எழுதுவான். மூஞ்சியப் பார்த்ததே இல்ல அக்கா. உயரமா இருப்பானா?"

"நிலைவாசல்ல தலைய இடிச்சுக்குவான்."

"என்ன எழுதுவான்?"

கேட்டது அம்மா; பின்னால் வந்து நின்றிருந்தாள். கலினா கைபேசியைப் பார்த்துப் படித்தாள்.

"'சார் வீட்டுப் பூனை இன்னிக்கும் வகுப்புக்கு வந்துடுச்சு. என்னைவிட அதுக்குத்தான் வருகைப்பதிவு அதிகம்.'"

அம்மா சிரித்துவிட்டாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னொன்னு படிம்மா."

கலினா தயங்கினாள். "இது வேணாமே..."

"படி."

"'அம்மா குடமிளகாய் சுடுறாங்க. வாசனை கதவுக்கு அடியில வருது. எந்திரிச்சுப் போய் பக்கத்துல உக்காரணும்போல இருக்கு. முடியல.'"

"எப்ப எழுதினான்?"

"அக்டோபர்ல. நாலஞ்சு மாசம் ஆச்சு."

கீழேயிருந்து மாமா கத்தினார். "வண்டி வந்துடுச்சு! அவனுக்குப் போடச் சட்டை கெடைச்சுதா இல்லையா?"

நெவேனா அம்மாவைப் பார்த்தாள். அம்மா அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு, திரைக்கு மிக அருகே உட்கார்ந்தாள். விரல்களில் ஒட்டியிருந்த சர்க்கரை விசைப்பலகையில் உதிர்ந்தது.

"அடுத்தது," என்றாள்.