எதிர்த்திசையில் ஒரு ஜோடி

வீட்டில் அண்ணி சொன்னால் சொன்னதுதான். வானியல் ஆய்வுக்கூடத்திலும் அதே கதைதான். அங்கே கணக்குகளைச் சரிபார்ப்பவர் அவர். அவர் தலையாட்டாமல் ஒரு நட்சத்திரமும் பட்டியலில் ஏறாது.

அங்கேயே வேலை பார்க்கும் அவருடைய நாத்தனார் பிடித்து வைத்திருந்தது ஒரு ஜோடி. எரிந்து முடிந்து சுருங்கிப்போன இரண்டு வெள்ளைக் குள்ள நட்சத்திரங்கள், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஒன்றையொன்று சுற்றுபவை. கண்ணுக்குச் சிக்குவது அதில் ஒன்று மட்டும். ஜோடி நொடிக்கு முந்நூற்றுப் பத்து கிலோமீட்டர் வேகத்தில் நம்மை நோக்கி வருகிறது, நம் விண்மீன் மண்டலமே ஒரு பக்கம் சுற்ற இது மட்டும் எதிர்ப்பக்கம் ஓடுகிறது என்று இரண்டு வருடமாகச் சாதித்துக்கொண்டிருந்தாள். அன்று நாலு மணிக் கூட்டத்தில் அண்ணி ஒப்புக்கொள்ளாவிட்டால் அத்தனை உழைப்பும் அம்போ.

நட்சத்திர ஒளியைப் பிரித்து வேகத்தை அளக்க அவள் எடுத்திருந்த மூன்று நிறமாலைப் படங்களையும் அண்ணி மேசையில் பரப்பினார்.

“மூணையும் எவ்வளவு நேரம் விட்டு எடுத்த?”

“ரெண்டு மணி நேரம், அண்ணி. எப்பவும் அப்படித்தான்.”

“அதுவும் ரெண்டு மணி நேரத்துல ஒரு சுத்து வருது. மூணு தடவையும் ஒரே இடத்துல வச்சுப் பிடிச்சிருக்க. இது ஓடுற வேகமா, சுத்துற வேகமா, எப்படிச் சொல்லுவ?”

அவள் முகம் தொங்கிப்போனது. ராட்டினக் குதிரை நம் பக்கம் வரும்போது மட்டும் பார்த்துவிட்டு, ராட்டினமே நம்மை நோக்கி வருகிறது என்று சத்தியம் செய்த கதையாகிவிட்டது. இதைக்கூடவா யோசிக்கவில்லை என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

அண்ணி எழப் பார்த்தபோதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. மேகம் குறுக்கிட்டு ஒரு மணி நேரம் தள்ளி எடுத்த படம் ஒன்று இருந்தது. மற்ற மூன்றோடு ஒட்டவில்லை என்று ‘பழுது’ எனக் குறித்து அவளே ஓரங்கட்டியிருந்தாள்.

“ஒரு மணி நேரம்னா சரியா பாதிச் சுத்து, அண்ணி. வெறும் சுத்துற வேகம்னா, இதுல அது நம்மள விட்டு விலகிப் போகணும்.”

“போகுதா பாரு.”

அளந்தாள். விலகவில்லை. நம்மை நோக்கித்தான், நொடிக்கு ஐந்நூறு. சுற்றும் வேகம் ஒரு பக்கம் கழிகிறது, மறுபக்கம் கூடுகிறது; இரண்டுக்கும் நடுவே நானூற்று ஐந்து. அதுதான் ஜோடியின் நிஜ வேகம். அவள் சொன்னது தப்புதான். குறைத்துச் சொல்லியிருந்தாள்.

அண்ணி தானும் இரண்டு முறை அளந்தார். பிறகு பாதையைக் கணக்கிட்டார். திரையில் கோடு மண்டலத்தின் மையத்தை உரசிக்கொண்டு பாய்ந்து, உயரே எழும்பி, ஊரே போகும் திசைக்கு எதிராகத் திரும்பியது. நாத்தனார் நாலாவது படத்தில் இருந்த ‘பழுது’ என்ற குறிப்பை அடித்தாள்.

நாலு மணிக்கு அவள் வாய் திறக்குமுன் அண்ணி எழுந்தார்.

“இந்த ஜோடி எதிர்ப்பக்கம்தான் ஓடுது. கவுக்கத்தான் பார்த்தேன், முடியல. மறுக்கிறவங்க முதல்ல என்கிட்ட வாங்க.”

யாரும் வரவில்லை.