கேமராவுக்குப் பயந்த காதர்

என் கணவர் சுரேஷ்குமாருக்குக் கத்தரி போடுவதென்றால் கொள்ளை ஆசை. கல்யாண வீடியோவில் யாராவது முகத்தைத் திருப்பிக்கொண்டால் வெட்டு. பந்தியில் வாயைப் பிளந்து அப்பளம் கடித்தால் வெட்டு. கேமராக்காரர் நிறுத்த மறந்து, தரையும் செருப்புமாக ஓடினால் பார்க்கவே மாட்டார், ஒரே வெட்டு. தி. நகரில் எங்கள் ஸ்டூடியோ பிழைப்பதே அதனால்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எல்லாப் படமும் கல்யாணப் படமாகிவிடுமா?

ஆஃப்ரீன் என்ற பெண் எங்களிடம் கொண்டுவந்தது இரண்டாம் உலக யுத்த காலத்துப் படம். பட்டாளத்தோடு தீவு தீவாகப் போன ஒரு வெள்ளைக்கார அதிகாரி தன் சொந்தக் கேமராவில் எடுத்தது. ஏதோ வெளிநாட்டு மியூசியம் இணையத்தில் போட்டிருக்கிறது. ஒரு மணி நேரம் ஓடும், சத்தமே கிடையாது. கப்பல், அணிவகுப்பு, துப்பாக்கியைக் கீழே வைக்கும் ஜப்பான் சிப்பாய்கள், தென்னந்தோப்பு, மறுபடியும் கப்பல். நடுவில், ஆங்கிலத்தில் எழுதிய ஓர் அட்டை வரும்: 'எங்கள் சமையல்காரர், மயிலாப்பூர் காதர். குண்டுக்குப் பயப்படமாட்டார். கேமராவுக்குப் பயப்படுவார்.'

அந்தக் காதர், ஆஃப்ரீனின் தாத்தா. யுத்தம் முடிந்து ஊர் திரும்பியவர், மனைவி கர்ப்பமாக இருக்கும்போதே காய்ச்சலில் போய்விட்டார். படம் எடுத்துக்கொள்வது கூடாது என்று இருந்த வீடு, அதனால் ஒரு போட்டோகூட இல்லை. வயிற்றில் இருந்த பிள்ளைதான் ஆஃப்ரீனின் அப்பா மெஹபூப் அலி. அவருக்கு இப்போது எண்பது வயதாகப் போகிறது. தன் அத்தாவின் முகத்தை அவர் பார்த்ததே இல்லை.

"அவரால ரொம்ப நேரம் உக்கார முடியாதுக்கா. தாத்தா வர்ற இடத்த மட்டும் சுருக்கிக் குடுங்க. அட்டையப் பாத்ததுமே நான் நிறுத்திட்டேன், அத்தாவோட சேந்துதான் பாக்கணும்" என்றாள் ஆஃப்ரீன்.

சனிக்கிழமை மத்தியானம் மெஹபூப் அலி வெள்ளைச் சட்டையும் அத்தர் வாசனையுமாக வந்து இறங்கினார். கல்யாணப் பெண்கள் ஆல்பம் பார்க்கும் சோபாவில் அவரை உட்கார வைத்தோம். என் கணவர் சுருக்கி வைத்திருந்த படம் ஓடியது. அண்டாவுக்குப் பக்கத்தில் ஒல்லியாக ஒருவர், கேமரா வந்ததும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அடுத்த தடவை அண்டா மூடிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். அதற்கடுத்து தென்னைமரத்தைச் சுற்றி ஒரே ஓட்டம். மெஹபூப் அலி தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். அதற்குள் கப்பல் வந்துவிட்டது.

"அவ்ளோதானா நைனா?"

"அவ்ளோதான் பாய்" என்றார் என் கணவர்.

"மூஞ்சியக் காட்டவே இல்லியா?"

"இல்ல பாய்."

பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டு கைத்தடியைத் தேடினார். ஆஃப்ரீன் என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்குக் கோபம் வந்தது.

"வெட்டிப் போட்டதுல என்ன இருக்கு?" என்று கணவரைக் கேட்டேன்.

"அது வேஸ்ட்டும்மா. கேமராவ நிறுத்தாம எங்கயோ வெச்சுட்டான். தரைதான் ஓடுது."

"முழுசாப் பாத்தீங்களா?"

"சாஞ்சதுமே வெட்டிட்டேன்" என்றார். நல்லவேளை, வெட்டியதை அழிக்கும் சுறுசுறுப்பு அவரிடம் இல்லை.

"பாய், கொஞ்சம் உக்காருங்க" என்று சொல்லிவிட்டு நானே போட்டேன். மணல். ஒரு பூட்ஸ். அடுக்கி வைத்த விறகு. எல்லாம் சாய்ந்து கிடந்தது. பிறகு ஒரு கை அண்டா மூடியைக் கீழே வைத்தது. கேமரா ஓய்ந்தது என்று நம்பி, காதர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தார். மீசை சரியாக முளைக்காத முகம். கரண்டியில் எடுத்து ஊதி ருசி பார்த்தார். உப்பு சரியாக இருந்திருக்க வேண்டும், பல் தெரியச் சிரித்தார்.

படம் படுக்கையாக இருந்ததால் மெஹபூப் அலியும் தலையைச் சாய்த்துக்கொண்டு பார்த்தார். என் கணவர் அதை நிமிர்த்தி, மறுபடி முதலிலிருந்து ஓட விட்டார்.

"இன்னாம்மா, இவ்ளோ சின்னப் பையனா கீறாரு?" என்று மகளிடம் கேட்டார் பெரியவர். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவில்லை. "நம்ம பேரன் சைஃபு வயசுகூட இருக்காதே. ஒரு மூஞ்சியக்கூட எனக்கு விட்டுட்டுப் போகலியேன்னு, இந்தப் புள்ளையையா இத்தினி வருஷமா திட்டிக்கினு இருந்தேன்?"