யூதென் முறுக்கிய நாண்

1

இந்தக் கதை என் வாய்க்கொழுப்பில் பிறந்தது. வில்வித்தைப் போட்டியன்று காலையில் எங்கள் அணி வில்லாளி நாம்கேயின் பழைய நாண் அறுந்து, புதுக் காஞ்சொறி நார் நாண் ஏறியது. “ஜோரா இருக்கே, யாரு முறுக்கினது?” என்று கேட்டான் எங்கள் அணித்தலைவன் ராப்கே. “அவன் சம்சாரம் யூதென்தான், வேற யாரு?” என்றேன் பெருமையாக.*

வில்லைப் பெண் தொட்டால் அம்பு போய்ச் சேராது என்பது இந்தப் பள்ளத்தாக்கின் நம்பிக்கை. இருபத்திரண்டு வருஷமாக இங்கே கணக்கு வாத்தியார் நான், தெரியாதா? தெரியும்!

(*ஆரா என்கிற ஊர்ச் சாராயம் குடித்திருந்தேனா? கொஞ்சம்.)

2

[முதலில் எழுதிய தொடக்கம்: “பனிமலையின் மடியில் மூங்கில் வில்லேந்தி…” சீ! போட்டியன்று மலையை எவன் பார்த்தான்?]

நாம்கேயின் முதல் அம்பு இலக்குப் பலகைக்குப் பத்தடி முன்னால் குத்தியது. அடுத்தது பதினைந்தடி. எதிரணிக்காரர்கள் பலகைக்கு முன்னாலேயே வந்து நின்று ஆடினார்கள்.

“அம்புக்குக் கால் வலிக்குதாம்டா! பொண்டாட்டிய விட்டுத் தூக்கிட்டு வரச் சொல்லு!”

மைதான ஓரம் நின்ற யூதெனை முறைத்தான் ராப்கே. “தோத்தோம்னா இவ இனிமே மைதானத்துப் பக்கமே வரக்கூடாது. நீயும் அணியில கிடையாது, நாம்கே.”

3

இங்கே யூதென் அழுதாள் என்று எழுதியிருந்தேன். படித்துக் காட்டியதும் தாளைப் பிடுங்கினாள்.

“நான் எப்ப சார் அழுதேன்? வெத்தில மென்னுட்டு நின்னேன். புது நாண் இழுக்க இழுக்க நீளும், அம்பு முன்னாலயே விழும். பழகிட்டா நீளுறது நிக்கும். இது தெரியாதவனுங்களுக்காக அழணுமா?”

சரி தாயே, அழவில்லை.

4

நாம்கே ஒவ்வொரு முறையும் நாணைக் கழற்றி, நாலு முறுக்கு ஏற்றி, மாட்டி எய்தான்.

“வேற வில்ல எடுடா!” என்றான் ராப்கே.

“பழகட்டும்ணே.”

வில்லுக்கும் நாணுக்கும் நடுவே கைமுட்டியை வைத்துக் கட்டைவிரலை நிமிர்த்திப் பார்ப்பான். எய்தபின் பார்த்தால் நாண் நீண்டு இடைவெளி குறைந்திருக்கும். தோற்பதைவிட, அவள் கைக்குப் பழி வந்துவிடுமே என்றுதான் அவனுக்குக் கவலை.

கடைசிச் சுற்று. ஜெயிக்க எதிரணிக்கு ஒரே புள்ளி போதும். நாங்கள் ஜெயிக்கப் பலகையிலேயே ஓர் அம்பு குத்த வேண்டும். நாம்கேயிடம் இரண்டு அம்பு.

முதலாவது இரண்டு முழம் முன்னால் விழுந்தது. முட்டியை வைத்தான். இடைவெளி குறையவில்லை! நாண் நின்றுவிட்டது. இனித் தவறு நாணுடையது அல்ல, தன் குறியுடையது. அதைத் திருத்த அவனுக்குத் தெரியும். வில்லைக் கொஞ்சம் உயர்த்தினான்.

5

முடிவு அ: அம்பு தவறுகிறது. (தோல்விதான் கதைக்கு அழகு என்றார் இலக்கிய நண்பர் ஒருவர். அவர் தலை!)

முடிவு ஆ: காற்று திடீரென்று…

இல்லை. நடந்ததையே சொல்கிறேன். டக்! நட்ட நடுப் பலகை. எதிரணிக்காரர்கள் சிதறி ஓடினார்கள். முழங்கால் வலியோடு நானும் ஆடினேன். யூதென் போட்ட கூச்சலில் வெற்றிலை முழுக்க என் சட்டையில். அப்படியொரு சந்தோஷம் எனக்கு வாழ்க்கையில் வந்ததில்லை.

பலகையை அடித்தவன் இடுப்பில் வண்ணத்துணி செருகுவது வழக்கம். சிவப்புத் துணியோடு ஓடிவந்தான் ராப்கே. நாம்கே கையை நீட்டித் தடுத்தான்.

“எனக்கு எதுக்குண்ணே? முறுக்கினவ அங்க நிக்கிறா.”

இதுவரை எந்தப் பெண்ணுக்கும் இங்கே அதைக் கொடுத்ததில்லை. ராப்கே புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் துணியோடு விழிக்கிறான். அவனை அங்கேயே நிறுத்திவிட்டுப் பேனாவை மூடுகிறேன். எந்தப் பக்கம் நடக்க வேண்டுமென்று நீங்களே சொல்லுங்கள். கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள், இங்கே ஒரே ஆட்டமும் பாட்டுமாக இருக்கிறது.