கத்திவாக்கத்தில் மெதுவாக விழுந்த விமானம்

கத்திவாக்கத்துக்கு மேலே 2009 டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விழத் தொடங்கிய பயிற்சி விமானம் 2022 ஆவணியில்தான் தரையைத் தொட்டது. நடுவில் அது எங்கும் நிற்கவில்லை. மூக்கு கீழே, வால் மேலே என்ற அதே நிலையில், வருஷத்துக்கு ஒரு தென்னை உயரம் இறங்கிக்கொண்டே இருந்தது.

மரச்சட்டமும் துணியும் வைத்துச் செய்த இரட்டை இறக்கை விமானம் அது. உலகப் போர்க் காலத்தில் பெட்டிகளில் அடைத்துக் கப்பலில் மதராஸ் துறைமுகத்துக்கு வந்தது. முன்னால் ஒரு இருக்கை, பின்னால் ஒரு இருக்கை. அதில் பறக்கக் கற்றுக்கொண்ட பையன்களில் பாதிப் பேர் வேறு விமானங்களில் செத்தார்கள். இதில் இருந்தவரை ஒருவருக்கும் நகக்கீறல் விழவில்லை. போர் முடிந்த பிறகு ஒரு பறக்கும் சங்கத்தில் பணக்காரப் பிள்ளைகளைச் சுமந்தது, அப்புறம் தஞ்சாவூர்ப் பக்கம் வயல்களுக்கு மருந்து தெளித்தது, அப்புறம் ஒரு கொட்டகையில் எலிகளுக்கு வீடாகக் கிடந்தது. பழைய சாமான் ஏலம் எடுக்கும் முதலாளி ஒருவர் அதை வாங்கித் திருவொற்றியூரில் ஒரு ஷெட்டில் நிறுத்தினார். அதற்கு உயிர் கொடுத்தவன் ராயபுரம் சாவியோ. துறைமுகத்தில் கிரேன் மெக்கானிக், கல்யாணமாகி எட்டு மாசம். வேலை முடிந்ததும் தன்னையும் ஒரு சுற்று கூட்டிப்போகச் சொன்னான். கொண்டுபோனார்கள். எண்ணூர் முகத்துவாரத்துக்கு மேலே என்ஜின் நின்றது. பின்சீட்டில் இருந்த விமானி பாராசூட் குடை கட்டிக் குதித்தார். அவர் மட்டும் எல்லோரையும் போல விழுந்தார். முழங்கால் சேற்றோடு கரையேறி, டீ குடித்துவிட்டு பெங்களூருக்குப் போனவர் திரும்பவே இல்லை. முன்சீட்டில் இருந்த சாவியோவுக்குக் குடை கிடையாது.

விமானத்துக்கு நேர் கீழே மலிகாவின் வீடு இருந்தது. அவள் புருஷன் அலி அக்பர் கன்டெய்னர் யார்டில் லோடு ஏற்றுபவன். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டு அவர்கள் குடிவந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. அதிகாரிகள் ஜீப்பில் வந்து அண்ணாந்து பார்த்தார்கள். விபத்து இன்னும் முடியாததால் விசாரணை தொடங்க வழியில்லை என்றார்கள். வேறு வீடு கேட்ட மலிகாவிடம், வீட்டுக்குத்தான் ஒன்றும் ஆகவில்லையே என்றார்கள். சாவியோவின் மனைவி ஜூடியிடம், செத்தால் வந்து சொல்லும்படி கேட்டுக்கொண்டார்கள்.

ஜூடி ராயபுரத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வருவாள். பர்மா பஜாரில் வாங்கிய பைனாகுலரை வைத்துக்கொண்டு மலிகா வீட்டு வாசலிலேயே உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு விமானம் இன்னும் மெதுவாக இறங்க வேண்டும். மலிகாவுக்கு எப்படியாவது வந்து விழுந்து தொலைய வேண்டும். இருவரும் ஒரே குடத்துத் தண்ணீரைக் குடித்தபடி பல வருஷம் இப்படி நேரெதிராக வேண்டிக்கொண்டார்கள். வர்தா புயலில் ஊரெல்லாம் கூரை பறந்தது. விமானத்தின் துணி ஒரு மடிப்புகூடக் கலையவில்லை.

அது பனை உயரத்துக்கு வந்தபோது அலி அக்பர் ஏணி போட்டு ஏறி, இறக்கை நுனியை ஒரு விரலால் தொட்டுவிட்டுக் கையை எடுத்தான். கையை எடுத்து முடிக்க ரம்ஜானிலிருந்து பக்ரீத் வரை ஆனது. கீழே இறங்கி, மதியச் சோறு ஆயிடுச்சா என்று கேட்டான். தொட்டவர்களும் அதன் வேகத்துக்குப் போய்விடுவார்கள் என்பது அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது. விமானத்தை அறுத்துச் சாவியோவை எடுக்கலாம் என்று ரம்பம் கொண்டுவந்தவர்கள் திரும்பிப் போனார்கள்.

அதற்கு முன்பே சாவியோவின் உதடுகள் குவியத் தொடங்கியிருந்தன. ஜூடிதான் முதலில் பார்த்தாள். "என் பேரத்தான் சொல்ல வராரு" என்றாள். ஊரே நம்பியது. குவிந்த உதடு அப்படியே இருக்க, நாக்கு மடிந்து மேலே ஏறியதும் அவள் சந்தோஷத்தில் மலிகாவின் கையைக் கிள்ளினாள். இனி ‘டி’க்கு உதடு விரிய வேண்டியதுதான் பாக்கி. மாதக்கணக்கில் பார்த்தார்கள். நாக்கு இறங்கியது, உதடு விரியவே இல்லை. குவிந்தபடியே மூடியது.

அவன் சொன்னது ஜூடி இல்லை. ஓடு.

அவன் கண் பார்த்துக்கொண்டிருந்த இடத்தையும் அன்றுதான் கவனித்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை மலிகா வாசலில் நின்று துணி காயப்போட்ட இடம் அது.

"என்னத்தான் ஓடச் சொல்லிகினு கீறாரு" என்றாள் மலிகா. "செத்துகினு இருக்கசொல்லயும் என்னப் பாத்து சொல்லிக்கீறாரு. நான் இன்னாடான்னா இது எப்போ வுழும்னு துவா கேட்டுகினு இருந்தேன்க்கா."

ஜூடி எழுந்து போனாள். ஒரு மாசம் அந்தப் பக்கமே வரவில்லை. வந்தபோது மலிகாவும் அலி அக்பரும் தங்கள் வீட்டின் கூரையைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். விம்கோ நகரில் வாடகைக்குப் பார்த்திருந்தார்கள். ஜூடி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆஸ்பெஸ்டாஸ் தகட்டின் ஒரு முனையைப் பிடித்தாள். சுவரும் போன பிறகு, அந்த இடத்தில் மீனவர்கள் கிழிந்த வலைகளைக் கொண்டுவந்து குவித்தார்கள். டயரும் வைக்கோலும் போட்டார்கள். ஆவணியில் விமானத்தின் மூக்கு அதையெல்லாம் கடந்து சேற்றில் இறங்கியது. எதுவும் தாங்கவில்லை. என்ஜின் பின்னுக்கு நகர்ந்து சாவியோவின் நெஞ்சை நோக்கி வந்தது. தினமும் பார்த்தால் நகர்ந்த மாதிரி தெரியாது. பொங்கலுக்கும் ஈஸ்டருக்கும் நடுவில் தெரியும்.

மறு வருஷம், என்ஜின் அவன் சட்டைப் பித்தானைத் தொட்ட அன்று ஜூடி செருப்பைக் கழற்றினாள்.

"வேணாங்க்கா. தொட்டா வர முடியாது" என்றாள் மலிகா.

"தெரியும். அவருக்கு இன்னும் ஒரு நொடிதான் கீது. அதுல தனியா வுட சொல்றியா?"

"உன்ன அடையாளம் தெரியுமா அவருக்கு? தலையெல்லாம் நரச்சிடுச்சே."

"கை தெரியும்" என்றாள் ஜூடி. சேற்றில் நடந்துபோய் அவன் தோளில் கையை வைத்தாள்.

இன்றும் அப்படியே நிற்கிறாள். அவள் புடவையை அடித்த காற்று எப்போதோ ஓய்ந்துவிட்டது, முந்தானை இன்னும் இறங்கவில்லை. சாவியோ தலையைத் திருப்புவதாகச் சிலர் சொல்கிறார்கள். என்ஜினும் நின்றபாடில்லை, எது முந்தும் என்று யாரும் சொல்லத் துணியவில்லை. ஷேர் ஆட்டோக்காரர்கள் அந்த இடத்தில் ஆள் இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிறார்கள். மலிகா காலையில் எறா வாங்கிக்கொண்டு வந்து, ஜூடியின் கண்ணுக்கு நேரே ஒரே இடத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து உரிக்கிறாள். வந்துபோகிற ஆள் யாரும் அந்த மெதுவான கண்ணில் பட மாட்டார்கள், நாள் தவறாமல் ஒரே இடத்தில் இருப்பவர்தான் படுவார் என்று அவளுக்குத் தெரியும். அதனால் எறா தீர்ந்த பிறகும் அவள் எழுந்திருப்பதில்லை.