அடித்தல் திருத்தம் இல்லாத நோட்டு

தொழிலாளர் நீதிமன்ற வராந்தாவில் வக்கீல் பெண் அந்த நோட்டை முன்னும் பின்னுமாகப் புரட்டுவதை, வேலை போனதற்காக வழக்குப் போட்டவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல நோட்டுதான். அட்டை போட்டு, கோடு கிழித்து, தேதிகளைச் சிவப்பு மையிலும் மற்றதை நீல மையிலும் எழுதியிருந்தாள். வக்கீல் இதுவரை ஜெராக்ஸைத்தான் பார்த்திருந்தாள். அசலைக் கொண்டுவரச் சொன்னதால் இன்று இவள் நோட்டையே எடுத்து வந்திருந்தாள்.

"அக்கா, இத எப்ப எழுதினீங்க?"

"கேஸ் போடுறப்பதான். நாலு நாள் உக்காந்து எழுதினேன். ஒரு அடித்தல் திருத்தம் கிடையாது, பாருங்க."

வக்கீலின் முகம் சுண்டிவிட்டது. "அப்ப, அன்னன்னைக்கு எழுதி வச்சது?"

"அது அட்டைத் துண்டுல இருந்துச்சு. எண்ணெயும் அழுக்குமா, கோழி கிண்டின மாதிரி கையெழுத்து. அதப் போயி ஜட்ஜ் கையில குடுக்கிறதான்னு தூக்கிப் போட்டுட்டேன்."

குழந்தைகள் துணி தைக்கும் கம்பெனியில் அவள் பதினோரு வருஷம் செக்கர், தைத்த துணியில் குறை பார்க்கும் வேலை. நூல் ஒன்று பிசிறினாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. வீட்டிலும் அதே கண்தான். "கல்யாணத்தன்னைக்கு என்னை மட்டும் எப்படிடி பாஸ் பண்ணினே?" என்று பெயிண்டரான புருஷன் கேட்பதுண்டு. துணிக்குள் ஒடிந்த ஊசி முனை கிடக்கிறதா என்று பார்க்கும் மெஷின் கெட்டுப்போனதை மேனேஜரிடம் நான்கு முறை வாயால் சொன்னாள். எட்டு மாதம், மெஷின் ஓடாத ஒவ்வொரு நாளின் தேதியையும், சொன்னபோதெல்லாம் அவர் தந்த பதிலையும் பேக்கிங் அட்டைத் துண்டில் கிறுக்கி வைத்தாள். ஐந்தாம் முறை, துணி சரியென்று சீல் குத்த மாட்டேன் என்றாள். மறுவாரம் கையில் வேலைநீக்கக் கடிதம் வந்தது. வேலையில் கவனக்குறைவாம். வேலை போனதைவிட அந்த ஒரு சொல்தான் அவளைத் தூங்கவிடவில்லை. வேலையும் திரும்ப வேண்டும், அந்தச் சொல்லும் அழிய வேண்டும். பக்கத்து மேசைக்காரிகள் சாட்சி என்றதும் வாயே திறக்கவில்லை. நோட்டு ஒன்றுதான் துணை.

"கேஸுக்காக அப்புறமா எழுதினதுன்னு அவங்க வக்கீல் இதத்தான் பிடிச்சுக்குவார்," என்றாள் வக்கீல். "பயப்படாதீங்க. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க. ஜட்ஜைப் பார்த்துப் பேசுங்க. உள்ளதச் சொல்லுங்க, நீட்டி முழக்காதீங்க."

வக்கீல் உள்ளே போனதும் புருஷன் காதருகே குனிந்தான். "அன்னன்னைக்கு எழுதினதுன்னே சொல்லிடு. யாரு பார்த்தா? உள்ள இருக்கிறது அத்தனையும் நெஜந்தானே?"

நிஜந்தான். அதுதான் அவளைப் பாடாய்ப் படுத்தியது. நோட்டைத் திறந்தாள். எட்டு மாத நாட்களும் அதே இரண்டு பேனா, ஒரே அழுத்தம், ஒரே சாய்வு. வேறு யாராவது இதைத் தன் மேசைமேல் வைத்திருந்தால் இரண்டாம் முறை பார்க்காமல், பொய்யென்று ஓரமாகத் தள்ளியிருப்பாள்.  நோட்டை மூடினாள்.

கூப்பிட்டார்கள்.

எதிர்த்தரப்பு வக்கீல் அப்பா மாதிரிப் பேசினார். "கையெழுத்து முத்து முத்தா இருக்கும்மா. எல்லாம் அந்தந்த நாள்லயே எழுதினதுதானே?"

மேனேஜர் செல்போனிலிருந்து தலையை எடுத்தார். கதவருகே புருஷன் லேசாகத் தலையாட்டினான். அவள் ஜட்ஜைப் பார்த்தாள்.

"இல்லைங்க. இது பார்த்து எழுதினது. முதல்ல எழுதின அட்டைய நான்தான் தூக்கிப் போட்டேன்."

வக்கீல் பெண் கண்ணை மூடித் திறந்தாள். ஜட்ஜ் முதல் முறையாக நிமிர்ந்து அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு குனிந்து எழுத ஆரம்பித்தார். கூண்டிலிருந்து பார்த்தால் பேனாவின் தலை மட்டும்தான் தெரிந்தது. அவள் சொன்னது இரண்டே வரி; அதற்கு மேல் அவர் என்ன எழுதுகிறார் என்று தெரியவில்லை. பேனா தாளின் ஓரம் வரை போய்த் திரும்பியது, மறுபடி போய்த் திரும்பியது, நிற்கவேயில்லை.